எல்லாந்தலையான் எங்கே?

"டிரஸ்ஸரே! மொட்டை ரெண்டு பேரு வந்திருக்கான்! தாடி நெறைய கெடந்தான், வேணாம்னு விட்டுட்டேன்!"

ரெம்பியா கோப்பிக் கடைக்கு எதிரே பஸ் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே, படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கோவிந்தன் இப்படிக் கத்துவார். கடைக்குள் இருப்பவர்கள் அத்தனை பேரும் தலையைத் திருப்புவார்கள். என் கணவர் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்.

கோவிந்தன் தோல்பையின் உள்ளறையைத் துழாவி இரண்டு வெள்ளிக் காசுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார். இவர் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். டிரைவர் ஹாரன் அடிப்பார். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகாத நான், பாசார் கூடையை அணைத்துக்கொண்டு, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வாரம் நான் மலாக்கா டவுனிலிருந்து கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்ததை எழுதும்போது, "என் கணவருக்கு மூத்த தாரம் ஒரு பிஸ்கட் டின்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சிரம்பானிலிருந்து ஒரு வாசகி ஃபோன் செய்து, "அந்த டின்னுல என்னதான்மா இருந்துச்சு? சொல்லாம விட்டுட்டீங்களே" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சொல்லிவிடுகிறேன்.

டின்னுக்குள் ஒரு குடும்பம்

என் கணவர் ஆரோக்கியசாமி ரெம்பியாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் அவர்தான். மேலெல்லாம் கார்பாலிக் வாடை அடிக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு காசாவது கிணுங்கும்.

அந்த டின்னில் இருந்தவை ராஜாக்களின் காசுகள். ஆனால் எந்த ராஜாவுக்கும் அங்கே நிஜப் பெயர் கிடையாது. தோட்டத்து ஜனங்கள் வைத்த பெயர்தான்.

கொண்டை போட்ட பழைய ராணி, கொண்டை ராணி. அவள் மகன் இந்தியா ரூபாயில் கிரீடம் இல்லாமல் வெறுந்தலையோடு இருப்பார், அதனால் மொட்டை. அவருடைய மகன் கிரீடமும் தாடியுமாக இருப்பார், தாடி. அவர் காலத்து முதல் ரூபாயில் அவருடைய அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். அது பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று ஊரில் பேச்சாகி, அந்த ரூபாயையே நிறுத்திவிட்டார்களாம். அது டின்னில் ஒன்று இருந்தது. நானும் பார்த்தேன். பன்றிதான்.

நடுவில் ஓட்டை போட்ட ஒரு செப்புக் காசு உண்டு. சரவாக்கை ஆண்ட வெள்ளை ராஜாவுடையது. "பாவம், கழுத்துலயே ஓட்டை போட்டுட்டாங்க" என்பார் கோவிந்தன்.

ஜப்பான்காரன் வந்தபோது ஜனங்கள் வெள்ளிக் காசுகளை அடுப்படியிலும் மரத்தடியிலும் புதைத்து வைத்தார்கள். போர் முடிந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். கோவிந்தனிடம் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார் என்று அந்த பஸ் போகிற வழியெல்லாம் தெரியும். கோவிந்தனுக்கு இதில் ஒரு காசு லாபம் இல்லை. "டிரஸ்ஸரு மூஞ்சி வெளிச்சமாவுறத பாக்கணும் தங்கச்சி. அதுக்காவத்தான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எரிச்சலாக வரும். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது அந்த மாதிரி வெளிச்சம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

குழந்தையின் இடுப்பில் ஒரு பாண்டியன்

எங்கள் தோட்டத்தில் செல்லாயி என்று ஒரு பால்மரம் வெட்டும் பெண் இருந்தாள். அவளுடைய கைக்குழந்தை ராசாத்திக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு இருந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. காய்ச்சல் இறங்கும்வரை இவர் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தையின் உடம்பைத் துடைக்கும்போதுதான் இடுப்புக் கயிற்றில் தொங்கிய செப்புக் காசைப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் நிற்கிற மனிதன். மறு பக்கம் எண்ணெய்ப் பிசுக்குக்குள் தமிழ் எழுத்து. "தலையா" என்பது மட்டும் தெரிந்ததாம்.

காய்ச்சல் குறைந்து வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஸ்டெல்லா, அது பாண்டியன் காசு. 'எல்லாந்தலையான்'னு எழுதியிருக்கும். ஒரு சஞ்சிகையில படிச்சிருக்கேன். ராஜாவோட பேரு காசுல இருக்காது. பட்டப்பேரு மட்டுந்தான். எல்லாத்துக்கும் தலையானவன். எந்தப் பாண்டியன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"சரி, வாங்கிட்டு வர வேண்டியதுதானே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "புள்ள இடுப்புல கெடக்குறத எப்படிக் கேக்குறது? ஒரு காகிதத்த மேல வச்சுப் பென்சிலால தேச்சு எடுத்தா அச்சு விழும். அது போதும்."

அதற்குள் செல்லாயியின் புருஷனுக்குச் சுங்கை ஊடாங் பக்கம் வேறு தோட்டத்தில் வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டது. கோவிந்தன் வேறு பஸ் கண்டக்டர்கள் மூலம் சொல்லியனுப்பி, பதிலும் வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் ராசாத்திக்கு அம்மை குத்த எங்கள் டிரஸ்ஸரிடமே கொண்டுவருவதாகச் செல்லாயி சொல்லிவிட்டாள்.

இந்தச் செய்தியை கோவிந்தன் எப்படிச் சொல்லியிருப்பார்?

"டிரஸ்ஸரே! எல்லாந்தலையான் மாசக் கடைசில வர்றான்! ரெடியா இருங்க!"

பட்டப்பெயர்கள் ஆபத்தான காலம்

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அந்த அவசரகாலம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி. வேலைக்குப் போகும்போது ஒரு பிடிச் சோறுகூடக் கொண்டுபோக முடியாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரத் தவுக்கே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். வழியெங்கும் பஸ்ஸை நிறுத்திச் சோதனை.

சுவர்களில் தேடப்படுகிறவர்களின் படங்கள் ஒட்டியிருக்கும். படத்துக்குக் கீழே பெயர். பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயர். நெட்டையன், கறுப்பன் என்று. காட்டில் இருப்பவர்களுக்குப் பட்டப்பெயர்தான் பெயர்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதே அவர் மனைவிக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் கணவரும் இந்தியாவில் பிறந்தவர். தவழும் வயதில் இங்கே வந்தவருக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

மொட்டை இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தாடி நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தலைவன் மாதக் கடைசியில் வருகிறான். தோட்டத்து டிரஸ்ஸர் தயாராக இருக்கிறார், மருந்தும் அவர் கையில்தான் இருக்கிறது. இதை யார் போய்ச் சொன்னார்கள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. கேட்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று மட்டும் தெரியும்.

மருந்து வாங்கிக்கொண்டு மலாக்காவிலிருந்து திரும்பியவரை ரெம்பியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கோவிந்தன்தான் பஸ்ஸைத் தோட்டத்து முக்கில் நிறுத்தச் சொல்லி, லாலான் புல்லுக்குள் ஓடிவந்து என்னிடம் சொன்னார். அவர் மெதுவான குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"தங்கச்சி, டிரஸ்ஸர மாத்தா புடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா."

ஒரு மணி நேரத்துக்குள் போலீஸார் வீட்டுக்கும் வந்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்போடுதான், சார்

மறுநாள் காலை அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷனில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே இளவயது வெள்ளைக்கார அதிகாரி. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மேசைமேல் எங்கள் டின்.

நான் கான்வென்டில் படித்தவள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"மொட்டை என்பவன் யார்?" என்றார் அதிகாரி.

டின்னைத் திறந்து ரூபாயை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இவர்தான், சார்."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த அப்போதைய ராஜாவின் படத்தைப் பார்த்தார். மறுபடியும் காசைப் பார்த்தார்.

"இவர் எங்கள் ராஜாவின் தாத்தா."

"ஆமாம், சார்."

"இவரையா மொட்டை என்று கூப்பிடுகிறீர்கள்?"

"அன்போடுதான், சார்."

மொழிபெயர்ப்பாளர் சுவர் பக்கம் திரும்பி இருமினார். தாடி என்பது ராஜாவின் அப்பா என்று நானாகச் சொல்லவில்லை. அதிகாரியே டின்னைக் கிளறிக் கண்டுபிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி. எல்லோருக்கும் தலைவன் எங்கே?"

அது டின்னில் இல்லையே!

"உங்கள் கணவரிடம் கேட்டால், அது ஒரு குழந்தையின் இடுப்பில் தொங்குகிறது என்கிறார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொல்கிறார். என்னைக் கேலி செய்கிறாரா?"

"அது உண்மை, சார்."

அவர் டின்னை மூடினார். "அப்படியானால் கொண்டுவந்து காட்டுங்கள். நாளை மத்தியானம் அவரை மலாக்காவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை."

என் கணவரைப் பார்க்க விடவில்லை.

கயிறு மட்டும்தான் இருந்திருக்கும்

வெளியே கோவிந்தன் நின்றுகொண்டிருந்தார். தோல்பை தோளில் இல்லை. டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

"நாந்தானே கத்துனேன், தங்கச்சி. வா, போவலாம்."

மலாக்கா போய் பஸ் மாறினோம். தஞ்சோங் கிளிங் கரையோரமாகப் போகும்போது கருவாட்டு வாடை அடித்தது. கடல் தன்பாட்டுக்குப் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் இந்நேரம் எதையாவது சாப்பிட்டிருப்பாரா என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு.

செல்லாயி பால் வாளியோடு ஸ்டோரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் நாங்கள். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"காச அவுக்க முடியாதுக்கா. மூத்தது ரெண்டும் தவழறதுக்குள்ளயே போயிருச்சு. இவ நடக்குற வரைக்கும் அவுக்க மாட்டேன்னு மாரியாத்தாகிட்ட சொல்லிருக்கேன்."

"அவுக்க வேணாம்மா. புள்ளையோட வா."

"போலீஸ் ஸ்டேசனுக்கா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னையும் புடிச்சு வச்சுட்டா? எங்கூட்டு ஆளு விடமாட்டாருலா, அக்கா."

கோவிந்தன் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதற்குமேல் கேட்க எனக்கும் உரிமை இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செல்லாயி குனிந்து வாளியை மறுபடி கையில் எடுத்தாள்.

"டிரஸ்ஸரு இல்லன்னா வெறும் கயிறு மட்டுந்தான்கா எங்கிட்ட இருந்திருக்கும்" என்றாள் கடைசியில். "காலைல மொத பஸ்ஸுல வரேன். மலாக்கா பஸ் ஸ்டேசன்ல நில்லுங்க."

ஊரடங்குக்குள் டவுனில் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். விடிந்ததும் பஸ் ஸ்டேஷனுக்கு வந்து நின்றேன். சுங்கை ஊடாங்கிலிருந்து முதல் பஸ் வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். செல்லாயி இல்லை.

கோவிந்தன் எதிர்க்கடைக்குப் போனார். இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் குடிக்கவில்லை. வரமாட்டாள், வராவிட்டால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

அடுத்த பஸ்ஸில் வந்தாள். இடுப்பில் ராசாத்தி. கண்ணில் மையும் கன்னத்தில் பொட்டும் வைத்துத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி அலங்காரம்.

"கேட்டுல புடிச்சிக்கிட்டாங்கக்கா" என்றாள் மூச்சிரைக்க. "புள்ளைக்குக் கஞ்சி கொண்டாந்தேன். அதுவும் அரிசிதானாம். கீழ ஊத்துன பெறவுதான் வுட்டாங்க. அதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு."

ஒரு பென்சில் கிடைக்குமா?

அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷனில் கோவிந்தன் எங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தார். மேசைக்கு எதிரே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "சார், மொட்டை தாடின்னு கத்துனது நான். உள்ள வைக்கணும்னா என்னைய வைங்க" என்றார். அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

செல்லாயி ராசாத்தியை மேசைமேல் உட்காரவைத்துப் பாவாடையைத் தூக்கினாள். கறுப்புக் கயிற்றில், தொப்புளுக்குக் கீழே, எல்லோருக்கும் தலைவன் தொங்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்தார். அவர் விசில் கயிறு முன்னால் தொங்கியது. ராசாத்தி அதைப் பிடித்து இழுத்து விசிலை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அப்படியே குனிந்தபடி, தலையை எடுக்க முடியாமல், "அந்த ஆளைக் கூட்டிவாருங்கள்" என்றார்.

என் கணவரைக் கொண்டுவந்தார்கள். சட்டை கசங்கி, சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். "தாடி வந்துட்டாரு" என்று கோவிந்தன் என் பின்னால் முணுமுணுத்தார். எனக்குக் கோவிந்தனை அங்கேயே ஒரு அறை விடலாம் போலவும், கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மேசைக்குப் போனது. செல்லாயி வரும் வழியில் காசைத் தன் முந்தானையால் நன்றாகத் துடைத்திருக்கிறாள் போலிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது.

"எல்... லாந்... தலை..." என்று மெதுவாக எழுத்துக்கூட்டினார். முகத்தில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது. ஜீப், லாக்கப், கப்பல் எல்லாவற்றையும் மறந்து, அதிகாரியிடம் கையை நீட்டி, "சார், ஒரு பென்சில் கிடைக்குமா? ஒரு காகிதமும்?" என்று கேட்டார்.

அந்த அதிகாரி பென்சிலைக் கொடுத்தார். அதை மட்டும் நான் இன்றைக்கும் அவருக்காகச் சொல்வேன்.

என் கணவர் தரையில் முட்டி போட்டு, காசின்மேல் காகிதத்தை வைத்து, குழந்தைக்கு வலிக்காமல் மெல்லத் தேய்த்தார். ராசாத்தி விசிலைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் எழுத்துகள் எழுந்து வந்தன. நாங்கள் எல்லோரும், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் உள்பட, கழுத்தை நீட்டிப் பார்த்தோம்.

"இவருடைய நிஜப் பெயர் என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"உறுதியாச் சொல்ல முடியாது, சார். ஜனங்க கூப்பிட்ட பேரு மட்டுந்தான் மிஞ்சியிருக்கு."

அதிகாரி தலையை ஆட்டினார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி, மடித்து, பழுப்புக் கோப்புக்குள் வைத்தார். "இது சாட்சியம்" என்றார். என் கணவர் திடுக்கிட்டார். "சார், அது..." என்று ஆரம்பித்தவரின் காலை நான் செருப்போடு மிதித்தேன்.

என் கணவரையும் டின்னையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு கோவிந்தன் கத்துவதை நிறுத்திவிட்டார். ரெம்பியாவில் பஸ் நின்றதும் இறங்கிவந்து, காதோடு காதாகக் குசுகுசுப்பார். கத்தியதைவிட அதுதான் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமாக இருக்கும் என்று அவருக்குப் புரிய வைக்க எங்களால் முடியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வந்து குசுகுசுத்தார். ராசாத்தி நடந்துவிட்டாளாம். வேண்டுதல் முடிந்தது. கயிற்றை அவிழ்க்கப் போகிறார்கள்.

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு என் கணவர் சுங்கை ஊடாங் பஸ் ஏறிவிட்டார். போகும்போது பையில் காகிதம், இரண்டு பென்சில், குழந்தைக்கு ஒரு பாவாடைத் துணி. செல்லாயி காசை அவருக்கே கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. டின்னில் அதற்கு ஓர் இடம்கூட ஒதுக்கி, பஞ்சு விரித்து வைத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"எங்க? காட்டுங்க" என்றேன்.

"என்னத்த?"

"காசுதான். எல்லாந்தலையான்."

அவர் நின்றார். பையைத் திறந்து பார்த்தார். காகிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. பென்சில் இரண்டும் சீவியபடியே இருந்தன.

"அட, அத மறந்தே போயிட்டேன், ஸ்டெல்லா" என்றார். "வேலிகிட்ட நின்னேன். அந்தக் கோடியிலேர்ந்து ராசாத்தி என்னைப் பாத்து நேரா நடந்து வந்தா பாரு. நடுவுல ஒரு எடத்துல விழப் பாத்தா. விழல."